டேங்க் இல்லாத டேங்க் பார்க்கும் எங்கள் பேரவையும்

1

பருத்தித் துணி கருகும் வாசனை முதலில் வந்தது. அலறல் அதற்குப் பின்னால் வந்தது. அலறியது கூரையில் ஒட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி. மெல்பர்னில் கடுகு தாளித்தாலே அதற்கு உயிர் போகும். சாம்பிராணி போட்டால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடத் தயாராகிவிடும். என் மகன் கவின், இருபது வயது, வேலைக்கான நேர்காணலுக்குச் சட்டை தேய்க்கிறேன் என்று இறங்கி, அதன் இடது கையில் ஒரு தோணி வடிவத்தைப் பழுப்பு நிறத்தில் பொறித்து வைத்திருந்தான். நான் நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறி அந்தக் கருவியைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

விசிறிக்கொண்டே மந்தைவெளியில் இறங்கிவிட்டேன். குடியேற்ற வரிசை இல்லை, கைரேகை இல்லை, எதற்காக வந்தீர்கள் எப்போது போவீர்கள் என்ற கேள்வி இல்லை. தெருமுனைப் பூங்கா, கிழக்கு வாசல், தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே தனத்தின் இஸ்திரி வண்டி. தனம் தேய்த்து எந்தத் துணியும் கருகியதில்லை. ஆனால் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் துணி விடும் ஒரு மூச்சு உண்டு, தண்ணீர் தெளித்த கஞ்சிப் புடவை மேல் பெட்டி ஏறும்போது. அந்த இடத்தில்தான் அவள் கையை எடுப்பாள். அந்த ஒரு நொடிதான் தொழில். என் மகனுக்கு அது தெரியாது. தெரியாததற்கு அவன் என்ன செய்வான், வாசனையையெல்லாம் நான்தானே கடல் தாண்டி எடுத்து வராமல் விட்டேன்.

அன்று மாலைதான் எங்கள் பேரவையின் வெள்ளி விழாக் கூட்டம்.

2

பேரவை என்றால் தென்சென்னைக் கடல்கடந்தோர் பேரவை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை விட்டு ஓடிவந்தவர்கள், அவற்றை விட்டு ஓடிவந்த துக்கத்தைக் கொண்டாடுவதற்காக மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடுகிறோம். இட்லி சற்றுக் கல்லாக இருக்கும். பேச்சு பஞ்சாக இருக்கும். தலைவர் பல் மருத்துவர். எதிராளி வாயைத் திறந்தபடியே இருக்கும்போது தொடர்ந்து பேசிப் பழகியவர்.

வெள்ளி விழாவுக்கு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். பூங்கா ஒன்றுக்கு நடைபாதையும் இருக்கைகளும் போட்டுத் தருவது என்று முடிவானது. எந்தப் பூங்கா? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கள் தெருமுனையில் ஒன்று இருக்கிறது" என்றேன்.

அடுத்த தீர்மானம் உடனே வந்தது. பூங்காவுக்குப் பேரவையின் பெயரை வைக்க வேண்டும். கொடுப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட அதற்கு ஆகவில்லை. நான் அவ்வப்போது வசனம் மாதிரியும் கவிதை மாதிரியும் எதையோ எழுதுகிறவள் என்பதால், பெயர் சூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்ணை மூடினேன். தூங்குமூஞ்சிப் பூக்கள் விழுந்தன, ரோஜா நிறத் தூசு மாதிரி. "கடல்கடந்தோர் பேரவை வெள்ளி விழா நினைவுப் பூங்கா" என்றேன். "நினைவு" என்ற சொல்லை ஓசைக்காகச் சேர்த்தேன். கைதட்டினார்கள். அந்தச் சொல் என்ன செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இங்கே எங்கள் பேட்டையில் ஓடை மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அதற்குப் பெயர் வைக்க நகராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போட்டது, ஏழெட்டு மொழிகளில். தமிழ்ப் பகுதியில் "பாலத்தின் மீது உங்கள் ஆட்சேபணையைத் தயவுசெய்து இறக்கவும்" என்று இருந்தது. ஆட்சேபணையை இறக்க நான் பாலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு மர பெஞ்சு, அதில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு: இன்னாருக்கு இந்த இடம் பிடிக்கும் என்று. இந்த ஊரில் ஒரு பெஞ்சில் பெயர் வர வேண்டுமென்றால் செத்துப்போக வேண்டும். நம் ஊரில் அந்தத் தொந்தரவு இல்லை. நடமாடிக்கொண்டிருக்கும்போதே கிடைக்கும்.

கூட்டத்திலிருந்து காரில் திரும்பும்போது கவின் கேட்டான். தலைவர் பேசிய ஒரு மணி நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், காதைத் திறந்துதான் வைத்திருந்திருக்கிறான்.

"அம்மா, நீங்க யாரும் அங்க இருக்கலயே. பேர் மட்டும் ஏன் போகுது?"

"இருக்கலை இல்லடா, இல்லை" என்று திருத்தினேன். பதில் தெரியாதபோது இலக்கணம் ஒரு நல்ல துணை.

3

இரண்டு மாதம் கழித்து, வருடாந்திர விடுப்பில், பேரவையின் பிரதிநிதியாகவும் போனேன். மந்தைவெளியில் இருப்பது அண்ணன் வீடு. அண்ணனும் அண்ணியும் பேரக்குழந்தையைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார்கள். சாவியைக் காவலாளியிடம் விட்டிருந்தார்கள்.

விமான நிலையத்திலிருந்து வந்த வண்டி ரயில் நிலையத்தோடு நின்றுவிட்டது, தெருவெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கிறார்கள் என்று. பெட்டியோடு ஒரு ஆட்டோ பிடித்தேன். எங்கள் பேரவை இளைஞர் அணி அதற்குள் இணைய வரைபடத்தில் புதுப் பெயரை ஏற்றிவிட்டிருந்தது. அந்த ஆசையில் ஓட்டுநரிடம் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வரைபடத்தைக் காட்டினேன். இளைஞர் அணி புள்ளியை அடையாற்றில் ஒரு மருந்துக்கடை மேல் வைத்திருந்தது. பாலத்தைத் தாண்டி அங்கே போனோம். திரும்பினோம். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு முறை நின்றோம். மூன்றாவது சுற்றில் வெட்கத்தை விட்டு, "டேங்க் பார்க்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா" என்றவர், ஆறு நிமிடத்தில் கொண்டுபோய் விட்டார்.

டேங்க் பார்க்கில் டேங்க் கிடையாது. ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று தூண்கள் மேல் நின்றது. நான் கல்லூரிக்குப் போகிற நாளிலேயே அதை இடித்துவிட்டார்கள். தொட்டி போன பின்னும் அதன் நிழலில் நிற்கிற மாதிரி மொத்தப் பேட்டையும் அந்தப் பெயரில் நின்றுகொண்டிருந்தது.

தனம் வண்டியில்தான் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அடுப்புக்கரி போய், பெட்டிக்குள் எரிவாயுக் குழாய் வந்திருந்தது. மற்றபடி அதே கை, அதே வீச்சு.

"வாக்கா. இன்னா, எளச்சிட்ட? அங்க சோறு போடலியா?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டியின் இழுப்பறையைத் திறந்தாள். பால் பாக்கெட் உறை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு அட்டை. தெருவோர வியாபாரி அடையாள அட்டை. படத்தில் தனம் யாரையோ அடிக்கப் போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம்தான் கிடைத்ததாம். அதற்கு முன் எத்தனை முறை மாநகராட்சிக்காரர்கள் வண்டியைத் தூக்கி லாரியில் போட்டார்கள், எத்தனை முறை மீட்டு வந்தாள் என்பதை நின்று கேட்டால் விடுப்பு முடிந்துவிடும். இந்த அட்டை வந்த பிறகு லாரி வரும், நிற்கும், அவள் அட்டையை நீட்டுவாள், லாரி போகும்.

வியாபாரம் செய்யும் இடம் என்ற கட்டத்தில் அச்சிட்டிருந்தது: டேங்க் பார்க், கிழக்கு வாசல்.

"பேர மாத்தப் போறாங்களாமே. எவனோ ஃபாரின்காரன் எயுதிக் குட்த்துக்கீறானாம். யார்னு தெரியுமாக்கா?"

"தெரியல" என்றேன். எழுதியவரை அவள் ஆண் என்று நினைத்துக்கொண்டதில் ஒரு சின்ன ஆறுதல்.

4

கூட்டம் பூங்காவிலேயே நடந்தது, மாலை ஐந்து மணிக்கு. எங்கள் இருக்கைகள் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் பேரவையின் பெயர், மஞ்சள் பெயின்டில், தூரத்திலிருந்து விமானத்தில் போகிறவருக்கும் தெரிகிற அளவில்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரது மாமா, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து நம்மாத்துப் பொண்ணு வந்திருக்கா என்று என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு புதுப் பெயரை வாசித்தார். முன்வரிசையிலிருந்து சலீம் பாய் எழுந்தார். எதிர்த்தெருவில் தையல்கடை, இந்தப் பூங்காவின் ஆழ்குழாய்க்கு மோட்டார் போட்டுக் கொடுத்தவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"நினைவுப் பூங்கான்னு போட்டிருக்கேம்மா. யாரு தவறிட்டாங்க?"

யாரும் தவறவில்லை, எல்லோரும் நலம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பெண்மணிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மெல்பர்னில் ஐம்பது குடும்பங்கள் ஒரு சொல்லில் காலமாகிப்போயின.

அடுத்து எழுந்தவர் அண்ணாச்சி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம், பேச்சில் இன்னும் உப்புக் காற்று உண்டு. பூங்காவின் இரும்புக் கதவு தன் கடை கொடுத்தது என்றார். "கதவு இல்லாம பார்க் எப்படி இருக்கும்? மாடுல்லா மேயும்? அப்ப எங்க கட பேரு முன்னால வரணும்லா?" நடைபாதையில் தினமும் நடப்பது தங்கள் காலை நடைக் குழுதான் என்பதால் அந்தப் பெயரும் வர வேண்டும் என்றார் வரது மாமா, செயலாளரா சொல்லலை, நடக்கறவனா சொல்லிண்டிருக்கேன் என்று விளக்கமும் கொடுத்தார். மோட்டாருக்கு என்ன வேண்டும் என்று பாயைக் கேட்டார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டால் போதும் என்றார். அது அஜெண்டாவில் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் சமரசம் பிறந்தது. ஜவுளிக்கடை, கதவு, கடல், பேரவை, வெள்ளி, நடை, நினைவு எல்லாம் சேர்ந்த ஒரு பெயர். ஒருவர் எழுந்து போய்ச் சுற்றுச்சுவரை அடிக்கணக்கில் நடந்து அளந்துவிட்டு வந்து, மூலையில் திருப்பினால் எழுதிவிடலாம் என்றார். முகவரியில் இந்தப் பெயரை எழுதிய பிறகு கடிதத்துக்கு உறையில் இடம் இருக்காது. எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் நம்மவர்களின் ஒற்றுமை இப்படித்தான் வரும், எதையும் விட்டுக்கொடுக்காமல்.

அப்போதுதான் தனம் உள்ளே வந்தாள். பெட்டியை அணைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு.

"நான் ஒண்ணு கேக்கட்டா சாரு. எங்க அட்டைல டேங்க் பார்க்குன்னு கீது. நீங்க பேர மாத்திட்டா, லாரிக்காரன் வந்து இங்க டேங்க் பார்க் எங்க கீதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அதெல்லாம் தானாகவே மாறிடும்மா, ஆட்டோமேட்டிக் என்றார் வரது மாமா.

"ஆட்டோல மீட்டரே தானா ஓட மாட்டேங்குது. இது மாறுமா?" சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க தெருவு பேர மாத்தனாங்க. கேஸ் புக்குல ஒரு பேரு, ரேசன் கார்டுல ஒரு பேரு, புள்ள ஸ்கூல்ல ஒரு பேரு. ரெண்டு வருசம் ஒரே வூட்ல மூணு தெருவுல குடியிருந்தோம் சாரு."

குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். யாரும் பேனாவைத் திறக்கவில்லை. நானும்தான்.

கூட்டம் முடிந்து எழுந்தபோது ஒரு மெல்லிய பிரியும் ஓசை வரிசையாகக் கேட்டது. ஈரக் காற்றில் பெயின்ட் காயவே இல்லை. அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை முதுகில், வரது மாமாவின் ஜிப்பாவில், என் கதர் குர்த்தாவில், எல்லோர் முதுகிலும் எங்கள் பேரவையின் பெயர் மஞ்சளாக, இடம் வலமாக, கண்ணாடியில் பார்த்த மாதிரி. தெரு விளக்குகளின் கீழே அந்த முதுகுகள் வீடு திரும்பின. இருபத்தைந்து ஆண்டுகளில் முதன்முறையாகப் பேரவை மக்களிடையே பரவியது.

5

வரது மாமா என்னை மண்டல அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். நன்கொடையாளர் தரப்புக் கையெழுத்து வேண்டுமாம். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, அங்கிருந்து சாப்பிடப் போயிருக்கிற ஒரு நாற்காலிக்கு, அங்கிருந்து முதல் மேசைக்கு. மெல்பர்னில் இதே வேலையை இணையதளத்தில் செய்வோம். சுற்றுவது சின்ன நீல வட்டம், நாம் உட்கார்ந்திருப்போம். இங்கே வட்டம் உட்கார்ந்திருந்தது.

எழுத்தர் ஒரு பெண், கண்ணாடிக்கு மேல் பார்க்கிறவர். பதிவேட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"சார், இந்தப் பார்க்குக்குப் பேரே இல்லையே. வெறும் நம்பர்தான் இருக்கு."

டேங்க் பார்க் என்று எல்லோருக்கும் தெரியுமே என்றார் மாமா.

"எல்லாருக்கும் தெரியும் சார், ரெஜிஸ்டருக்குத் தெரியாது. பேர் மாத்தம்னு மனு கொடுத்திருக்கீங்க. இல்லாத பேரை எப்படி மாத்துறது? பழைய பேருக்கு நம்ம சீல் போட்ட ஆதாரம் ஒண்ணு வேணும்."

வேறொரு கோப்பைத் தேடி எடுத்து வந்தார். மாநகராட்சி முத்திரையோடு டேங்க் பார்க் என்ற பெயர் இந்தப் பூமியில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. தனத்தின் அட்டை. களத்துக்கு வந்து எழுதியவர் ஊரார் சொன்னதை அப்படியே எழுதிவிட்டிருக்கிறார். கோப்பிலிருந்த நகலில் எழுத்து அழிந்துபோயிருந்ததால், அசல் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைக்க வேண்டும்.

"இணைச்சா அந்தப் பேர் ரத்தாயிடும். அந்த கார்டும் செல்லாது. அவங்க புதுசா அப்ளை பண்ணிக்கட்டும்."

எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அதுதான் பதில்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைத் தட்டினார். "நீ கேட்டா குடுப்பா. உன்கிட்ட ஒரு இது உண்டு அவளுக்கு. ஒரு ஜெராக்ஸ்தானேம்மா, என்ன குறைஞ்சிடப் போறது?"

6

கிளம்பும் நாள் மதியம் தனத்திடம் கேட்டேன். அட்டை வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பால் பாக்கெட் உறையோடு எடுத்துக் கொடுத்தாள்.

ஜெராக்ஸ் கடை நாலாவது வீடு. அந்த நாலு வீட்டுத் தூரத்தை நான் நடந்து முடிப்பதற்குள் எங்கள் மெல்பர்ன் நடைபாலத்துக்கே ஒரு பெயர் வைத்துவிடலாம். கடைக்காரர் மூடியைத் தூக்கினார். உள்ளே வெளிச்சம் தயாராக இருந்தது. அட்டையை உறையிலிருந்து எடுத்தேன். படத்திலிருந்த அந்த முறைப்பு என்னைப் பார்த்தது. கிழக்கு வாசல். ஒரு மனுஷி நிற்கும் இடம், அவள் நிற்கலாம் என்று ஒரு அரசாங்கம் அபூர்வமாக ஒப்புக்கொண்ட இடம். அதன் மேல் ஒரு மூச்சுத் தூரத்தில் சூடாக வந்து நின்றுகொண்டிருந்தது நான் ஓசைக்காகச் சேர்த்த சொல். துணி கருகுவதற்கு முந்தைய நொடி. கையை எடுக்க வேண்டிய நொடி அதுதான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

எத்தனை காபி மேடம் என்றார். வேண்டாம் என்றேன்.

வாசலிலேயே நின்று தலைவருக்கு எழுதினேன்: "உரிய ஆவணம் கிடைக்காததால் பெயர் மாற்ற மனு திரும்பப் பெறப்படுகிறது. இருக்கைகள் மக்கள் பயன்பாட்டில் உள்ளன." வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அழகான வாக்கியங்கள். பதிலுக்கு அவர் கைகூப்பும் படம் ஒன்றும், அடுத்த ஆண்டு ஒரு பேருந்து நிழற்குடை பற்றி யோசிக்கலாம் என்று ஒரு வரியும் அனுப்பினார். வரது மாமாவிடம் கடை மூடியிருந்தது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடை அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடைக்குப் போனார்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது தனம் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எடுக்கலியா?"

"எடுக்கல."

"நேத்து வரது அய்யரு வந்து கேட்டாரு. காணாப்பூட்ச்சின்னு சொல்லி அனுப்ச்சிட்டேன்."

"அப்ப எனக்கு ஏன் கொடுத்த?"

"பேரு எயுதனது நீதானாமே. அய்யருதான் சொன்னாரு, பெருமையா. சரி, கைல குட்த்தா இன்னா பண்றேன்னு பாப்பம்னுதான்."

முகம் சுட்டது. அவள் அதற்குள் அட்டையை மூன்று உறைக்குள்ளும் போட்டு இழுப்பறையில் தள்ளிவிட்டாள். நான் கொடுத்து, வண்டியின் ஓரத்தில் மடித்து வைத்திருந்த என் கதர் குர்த்தாவை எடுத்தாள். மஞ்சள் பெயின்டுக்கு மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தாளாம், போகவில்லையாம். சூடு காட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று முதுகை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தாள். அதை அப்படியே மெல்பர்னுக்கு எடுத்துப்போகிறேன். கவின் வாசிக்க முயல்வான். நேராக எழுதினாலே திணறுகிறவன். இதை என்ன என்று கேட்பான். இந்த முறை இலக்கணம் பேசாமல் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் விமான நிலையத்துக்கான வண்டி, தோண்டாத தெருவாகப் பார்த்துச் சுற்றி, கிழக்கு வாசலில் வந்து நின்றது. எங்கள் இருக்கையில் ஒருவர் நாளிதழ் விரித்து, பேரவையின் பெயர் சட்டையில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குமூஞ்சி இலைகள் மடிய ஆரம்பித்திருந்தன. தனம் குர்த்தாவைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். போய் வருகிறேன் என்றேன். அடுத்த வருடம் வருவேன் என்றேன். அவள் வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள், போகலாம் என்று ஓட்டுநருக்கு. பிறகு குனிந்து என்னிடம் சொன்னாள்.

"அடுத்த வாட்டி வந்தா டேங்க் பார்க்குன்னு சொல்லுக்கா. வேற எதுனா சொல்லி ஊரச் சுத்தாத."